பாம்பு, பல்லி, ஆமைகளின் அறிவியல் பெயர் எங்கிருந்து வந்தது? நீங்களே தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு பாம்பின் அறிவியல் பெயரைக் கொடுத்து, இதற்குப் பெயர்க்காரணம் தேடுங்கள் என்றால், புதிதாக வருகிறவர் முதலில் திறப்பது லத்தீன் அகராதியை. எங்கள் இயற்கை ஆர்வலர் குழுவில் ஊர்வனவற்றுக்குப் பெயர் அட்டை எழுதும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். கூட வேலை செய்ய வந்தவர்களில் பெரும்பாலோர் இடறியது இந்த முதல் அடியில்தான்.

ஒரு தம்பி குக்ரி பாம்பின் பெயரை எடுத்துக்கொண்டார். ஒலிகோடான் ஆர்னென்சிஸ். 'என்சிஸ்' என்று முடிந்தால் ஊர்ப்பெயர் என்று அகராதி சொன்னது. உடனே இத்தாலியின் ஆர்னோ ஆறு என்று எழுதிக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் 1802ல் ஷா என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் வைத்த அந்தப் பெயர் குறிப்பது நம்முடைய ஆரணியை. அகராதி அவரைக் கைவிடவில்லை. வரிசைதான் தவறு. சொல்லின் பொருள் அகராதியில் கிடைக்கும். அந்தச் சொல்லை இந்த உயிருக்கு ஏன் வைத்தார்கள் என்பது பெயர் வைத்தவர் எழுதிய பக்கத்தில்தான் கிடைக்கும். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பெயரின் சரியான ரோமன் எழுத்துக் கோவை. இங்கே எல்லாப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். தேடும்போது ரோமன் எழுத்தில்தான் தேட வேண்டும். உச்சரிப்பை வைத்து எழுத்தை ஊகிக்காதீர்கள். சாரைப்பாம்பின் பேரினப் பெயரை (அறிவியல் பெயரின் முதல் சொல்) டியாஸ் என்று உச்சரித்தாலும், முன்னால் ஒலிக்காத 'பி' ஒன்று இருக்கிறது. அது தெரியாமல் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இரண்டாவது, இரண்டு இணையதளங்கள். இரண்டும் இலவசம். ரெப்டைல் டேட்டாபேஸில் ஒவ்வொரு ஊர்வனவுக்கும் இன்றைய பெயர், பழைய பெயர்கள், முதல் மாதிரி (எந்த உயிரை வைத்துப் பெயரிட்டார்களோ அது) கிடைத்த இடம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியில் பழைய நூல்களின் பக்கங்களே படமாக இருக்கும்.

மூன்றாவது, லத்தீன் அகராதி ஒன்று, கிரேக்க அகராதி ஒன்று. இரண்டும் வேண்டும். ஊர்வனவற்றின் பேரினப் பெயர்களில் பெரும்பகுதி லத்தீன் உடை போட்ட கிரேக்கச் சொற்கள். லத்தீன் அகராதியை மட்டும் புரட்டிவிட்டு, 'சொல் கிடைக்கவில்லை' என்று நிறுத்திவிடுபவர்கள் நிறைய.

அப்புறம், பழைய ஊர்ப்பெயர்களின் பட்டியல் ஒன்றை நீங்களே சேர்த்துக்கொண்டு வாருங்கள். தரங்கம்பாடி பழைய நூல்களில் டிராங்குபார் என்று இருக்கும். விசாகப்பட்டினம் வைசாகபட்டம் ஆகியிருக்கும். இலங்கையைத் தேடினால் சிலோன், ஸெய்லான் என்று இரண்டு மூன்று விதமாக வரும்.

2. இன்றைய பெயரை உறுதி செய்யுங்கள்

பத்து ஆண்டு பழைய கையேட்டில் உள்ள பெயர் இன்று செல்லாமல் போயிருக்கலாம். அதை வைத்துத் தொடங்கினால், வேறொரு பாம்பின் பெயர்க்காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பச்சைப்பாம்பு இதற்கு நல்ல உதாரணம். அதை அஹேடுல்லா நாசூட்டா என்றே நெடுங்காலம் எழுதி வந்தோம். 2020ல் வந்த ஆய்வு அந்தப் பெயரை இலங்கையில் உள்ளதற்கு மட்டும் என்று நிறுத்தியது. தீபகற்பச் சமவெளியில் இருப்பது அஹேடுல்லா ஆக்ஸிரிங்கா ஆனது. நாசூட்டா என்றால் நீள மூக்கு, ஆக்ஸிரிங்கா என்றால் கூர் மூக்கு. பொருள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் முதல் பெயரை லாசெபேட் 1789ல் வைத்தார், இரண்டாவதை பெல் 1825ல் வைத்தார். நீங்கள் தேட வேண்டிய நூலே வேறு.

ராஜநாகமும் அப்படித்தான். 2024ல் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளதைத் தனி இனமாகப் பிரித்து ஒஃபியோஃபேகஸ் காளிங்கா என்று பெயரிட்டார்கள். கன்னடத்தில் அந்தப் பாம்பை அழைக்கும் பெயர் அது.

3. ஆளையும் ஆண்டையும் அடைப்புக்குறியையும் படியுங்கள்

பெயருக்குப் பின்னால் ஒரு ஆளின் பெயரும் ஆண்டும் இருக்கும். நல்லபாம்புக்கு: நாஜா நாஜா (லின்னேயஸ், 1758). இதை ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். உங்கள் தேடலுக்கான முகவரியே இதுதான்: யார் எழுதியது, எந்த ஆண்டு நூல்.

அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. அது இருந்தால், பெயர் வைத்தவர் முதலில் வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு வந்தவர்கள் இடம் மாற்றினார்கள் என்று பொருள். ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் நல்லபாம்பை கொலுபர் நாஜா என்றார். 1768ல் லாரன்டி நாஜா என்று தனிப் பேரினம் உண்டாக்கினார். இனப்பெயரை (இரண்டாவது சொல்) விட முடியாது என்பதால் பின்னர் நாஜா நாஜா என்று இரட்டித்தது. விலங்கியலில் இப்படி இரட்டிக்கலாம், தாவரவியலில் கூடாது.

பச்சோந்தியைப் பாருங்கள்: கமேலியோ ஸெய்லானிகஸ் லாரன்டி, 1768. அடைப்புக்குறி இல்லை. ஆகவே பெயர் பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கிறது. இந்த மாதிரிப் பெயர்களில் அடுத்த படி பாதியாகக் குறைந்துவிடும்.

இங்கே இன்னொரு தவறு நடக்கும்: பெயர் வைத்தவரையும் பெயரில் இருப்பவரையும் ஒருவராக்கிவிடுவது. கண்ணாடி விரியன் டபோயா ரஸ்ஸெலீ. இந்தியப் பாம்புகளைப் பற்றி நூல் எழுதிய பேட்ரிக் ரஸ்ஸலின் நினைவாக வைத்தது. வைத்தவர்கள் ஷாவும் நாடரும், 1797ல். ரஸ்ஸல் தனக்குத் தானே வைத்துக்கொண்டார் என்று எழுதப்பட்ட அட்டையை நானே திருத்தியிருக்கிறேன்.

4. பிறந்த பெயரையும் முதல் பக்கத்தையும் கண்டுபிடியுங்கள்

ரெப்டைல் டேட்டாபேஸ் பக்கத்தில் பழைய பெயர்களின் பட்டியல் இருக்கும். ஆண்டு வரிசையில் மேலே இருப்பதுதான் பிறந்த பெயர். அதைக் குறித்துக்கொண்டு ஹெரிடேஜ் லைப்ரரியில் அந்த ஆசிரியர், அந்த ஆண்டு, அந்தப் பக்கத்துக்குப் போங்கள்.

இங்கே அவசரப்படாதீர்கள். மொத்த வேலையிலும் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பழைய அச்சில் சொல்லின் நடுவே வரும் 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். தளத்தின் தேடல் பெட்டி அதை 'எஃப்' என்றே படித்துவைத்திருக்கும். ஆகவே சொல்லைப் போட்டுத் தேடிக் கிடைக்கவில்லை என்றால், பக்க எண்ணை வைத்துப் போய்க் கண்ணால் பாருங்கள். 'ஐ'யும் 'ஜே'யும், 'யூ'வும் 'வி'யும் ஒன்றுக்கொன்று இடம் மாறியும் இருக்கும்.

பிரெஞ்சு நூல்களில் இன்னொரு சிக்கல். டாடின் எழுதிய ஊர்வன நூல்களின் முகப்பில் 1802 என்று இருக்காது, 'ஆண்டு பத்து' என்று இருக்கும். பிரெஞ்சுப் புரட்சிக் குடியரசின் நாட்காட்டி அது. ஆண்டு தவறு என்று நினைத்துப் பக்கத்தை மூடிவிட வேண்டாம்.

பக்கம் கிடைத்ததும் மூன்றைப் பாருங்கள்: உடல், நிறம் பற்றிய வரிகள், மாதிரி எங்கிருந்து வந்தது, யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். புதிய கட்டுரைகளில் பெயர்க்காரணத்துக்குத் தனிப் பத்தியே இருக்கும். பழையவற்றில் பெரும்பாலும் இருக்காது. இந்த மூன்றிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் வைத்தவர் அந்த உயிரைப் பார்க்காமலே, முன்பு வந்த ஒரு நூலின் படத்தை வைத்துப் பெயரிட்டதும் உண்டு. அப்போது அந்த முந்தைய நூலுக்கும் போக வேண்டும். இந்தியப் பாம்புகளில் அது பல முறை ரஸ்ஸல் 1796ல் வெளியிட்ட, சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகள் பற்றிய நூலில் போய் நிற்கும். அவர் ஊர்மக்கள் சொன்ன பெயர்களையும் எழுதிவைத்தார். அதன் பயன் ஆறாவது படியில் தெரியும்.

5. இப்போது அகராதி: இரண்டு சொல்லையும் தனித்தனியாகப் பிரியுங்கள்

பேரினப் பெயரும் இனப்பெயரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஆண்டில் வைத்தவை. சேர்த்து ஒரே வாக்கியமாக மொழிபெயர்த்தால் இல்லாத கதை உருவாகிவிடும்.

கிரேக்கத்தில் சில வேர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒஃபிஸ் பாம்பு, சௌரா பல்லி, கெலிஸ் அல்லது கெலோனே ஆமை, டாக்டிலோஸ் விரல், ஊரா வால், பெல்டே கேடயம், லெபிஸ் செதில். இவ்வளவு தெரிந்தாலே பாதிப் பெயர்கள் திறந்துகொள்ளும். யூரோபெல்டிஸ் என்பது வால் கேடயம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் வாழும் அந்தப் பாம்பின் மழுங்கிய வாலைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். கமேலியோ என்பது தரைச் சிங்கம்.

எனக்கு மிகவும் பிடித்தது அழுங்காமையின் பெயர். எரெட்மோகெலிஸ் இம்ப்ரிகேட்டா. முதல் சொல் கிரேக்கம்: துடுப்பு ஆமை. இரண்டாவது லத்தீன்: இம்ப்ரெக்ஸ் என்றால் கூரை ஓடு. ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும் தகடுகளைக் கூரை வேய்ந்ததாகப் பார்த்திருக்கிறார்கள். ஆமையின் மேல் இருப்பதையும் வீட்டின் மேல் இருப்பதையும் ஓடு என்றே சொல்லும் நமக்கு இதை விளக்கவே தேவையில்லை.

6. எந்த வகைப் பெயர் என்று முடிவு செய்யுங்கள்

வகை தெரிந்தால் எந்தச் சான்றைத் தேடுவது என்று தெரியும். உடல் குறித்த பெயருக்கு வருணனை போதும். மற்ற மூன்று வகைகளில்தான் கவனம் வேண்டும்.

ஊர்ப்பெயர். 'என்சிஸ்', 'இகஸ்', 'ஆனா' போன்ற முடிவுகள் வரும். விசிறித் தொண்டை ஓணான் சிட்டானா பாண்டிசெரியானா, குவியே 1829ல் வைத்தது, பாண்டிச்சேரியின் பெயர்தான். ரோமன் எழுத்தில் அதன் நடுவே வல்லொலி எழுத்து (t) இருக்கிறது. நம் கௌதாரியின் பெயரிலும் பாண்டிச்சேரி இருக்கிறது, ஆனால் அங்கே மெல்லொலி எழுத்து (d). இரண்டையும் ஒன்றாக்கித் திருத்தக் கூடாது. முதலில் அச்சான எழுத்துக்கோவைதான் நிற்கும்.

ஊர்ப்பெயர் சொல்வது முதல் மாதிரி வந்த இடத்தை மட்டுமே. உடும்பு வரானஸ் பெங்காலென்சிஸ். வங்கத்து உடும்பு என்று எழுதி நிறுத்தினால், தன் வயலில் அதைப் பார்க்கும் தஞ்சாவூர்க்காரர் குழம்பிப் போவார். வங்கத்திலிருந்து கிடைத்த மாதிரிக்கு வைத்த பெயர் என்று எழுதுங்கள்.

ஆள்பெயர். ஆணின் பெயர் 'ஐ' எழுத்தில் முடியும், பெண்ணின் பெயர் 'ஏ-இ' என்ற இரட்டையில் முடியும். தான்சானியாவில் உள்ள பூகோமா புரோக்டரே என்ற பாம்பு, லண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஊர்வனப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஜோன் புரோக்டரின் பெயரில் உள்ளது. முடிவெழுத்தைக் கவனிக்காமல் அவரை ஆணாக எழுதிவிடுகிறார்கள்.

ஆளைத் தேடும்போது அவர் எந்த ஊரில் இருந்தார் என்பதையும் எழுதுங்கள். நம் மரப்பல்லி ஒன்றின் பெயரில் இருக்கும் லெஷனோ பாண்டிச்சேரியில் வேலை பார்த்த பிரெஞ்சுத் தாவரவியலாளர். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பெயர் வெறும் ஒலியாக நின்றுவிடும்.

நாட்டு வழக்குப் பெயர். நம்மவர்கள் தவறவிடுவதும் இங்கேதான், அளவுக்கு மீறி ஆசைப்படுவதும் இங்கேதான்.

தவறவிடுவது: கட்டுவிரியனின் பேரினம் பங்காரஸ். இதை லத்தீனில் தேடிக் களைத்துப்போவார்கள். ரஸ்ஸல் நூலில் 'பங்காரம் பாமு' என்று தெலுங்குப் பெயர் இருக்கிறது. பங்காரம் என்றால் தங்கம். அது மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட விரியனுக்குச் சொன்னது. டாடின் 1803ல் அதைப் பேரினப் பெயராக எடுத்தார். நம் ஊர்க் கட்டுவிரியனிடம் தங்க நிறம் இல்லையே என்று குழம்ப வேண்டாம். பேரினப் பெயர் எந்தப் பாம்பைப் பார்த்து வைக்கப்பட்டதோ அதற்குப் பொருந்தினால் போதும்.

அஹேடுல்லா சிங்களச் சொல். கண்ணைக் கொத்துவது என்று பொருள். தமிழில் கண்கொத்திப் பாம்பு என்கிறோம். கடலுக்கு இரு பக்கமும் ஒரே அச்சம், ஒரே பெயர். ஆனால் அதே சொல்லைத் தாங்கிய லெப்டோஃபிஸ் அஹேடுல்லா தென் அமெரிக்கப் பாம்பு! மாதிரிகளும் பெயர்களும் கலந்து கிடந்த லின்னேயஸ் காலத்தில் 1758ல் அமைந்த பெயர் அது. சொல் எந்த மொழி என்பதை வைத்து உயிர் எந்த நாடு என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆசைப்படுவது: ஒலி ஒத்துப்போனால் தமிழ் என்று சொல்லிவிடுவது. வரானஸ் என்பதை வர்ணம் என்று எழுதி வந்தவர் உண்டு. அது உடும்பைக் குறிக்கும் 'வரல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முதல் பக்கத்திலோ அதற்கு முந்தைய நூலிலோ அந்த நாட்டுச் சொல் அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் ஒலி ஒற்றுமையை மட்டும் சான்றாக வைக்காதீர்கள்.

7. கடைசி எழுத்தைச் சரிபாருங்கள்

இனப்பெயர் பெயரடையாக இருந்தால், பேரினச் சொல்லின் இலக்கணப் பாலுக்கு (ஆண்பால், பெண்பால்) ஏற்ப அதன் முடிவு மாறும். இதை விளக்க நான் எப்போதும் காட்டுவது ஒரே ஆசிரியர், ஒரே ஆண்டு, ஒரே சொல்.

ஷ்னைடர் 1801ல் சுருட்டை விரியனுக்கு சூடோபோவா கேரினேட்டா என்றும், அரணை ஒன்றுக்கு ஸ்கின்கஸ் கேரினேட்டஸ் என்றும் பெயர் வைத்தார். கேரினா என்றால் கப்பலின் அடிக்கட்டை. செதில் நடுவே ஓடும் முகட்டைச் சொல்கிறார். இன்று விரியன் எக்கிஸ் கேரினேட்டஸ், அரணை யூட்ரோபிஸ் கேரினேட்டா. இரண்டின் வாலும் அப்படியே இடம் மாறிவிட்டன! பேரினம் மாறியது, பால் மாறியது, முடிவும் மாறியது. அச்சுப்பிழை ஒன்றுமில்லை.

சாரைப்பாம்பும் இப்படி மியூக்கோசஸ் என்பதிலிருந்து மியூக்கோசா ஆனது. பழைய நூலில் முதல் வடிவம் இருந்தால் அது வேறு பாம்பு என்று நினைக்காதீர்கள்.

பெயர்ச்சொல்லாக இருந்தால் முடிவு மாறாது. தண்ணீர்ப்பாம்பின் பிஸ்கேட்டர் என்றால் மீன் பிடிப்பவர். ஷ்னைடர் வைத்த ஹைட்ரஸ் போய், நாட்ரிக்ஸ், ஸெனோக்ரோஃபிஸ் எல்லாம் போய் இன்று ஃபவுலியா ஆன பிறகும் பிஸ்கேட்டர் பிஸ்கேட்டராகவே இருக்கிறது.

ஆள்பெயரிலும் மாறாது. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு வடிவம் வரலாம். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோமின் பெயர் ஒரு பாம்பில் 'பெடோமெய்', இன்னொன்றில் 'பெடோமியீ'. நேராகப் பெயரோடு முடிவைச் சேர்த்தது முதல் வகை, முதலில் பெடோமியஸ் என்று லத்தீனாக்கிப் பிறகு சேர்த்தது இரண்டாவது வகை. இரண்டும் சரி. ரஸ்ஸல் என்ற பெயரில் ரோமன் எழுத்தில் இரண்டு 'எல்'. கண்ணாடி விரியனின் பெயரில் ஒன்றுதான். முதல் அச்சில் அப்படி இருந்ததால் அப்படியே எழுதுங்கள்.

8. உயிரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

பொருள் கிடைத்ததும், அந்த உயிரின் படத்தையோ மாதிரியையோ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் நல்லது. பொருந்தாவிட்டால் உங்கள் விடையை உடனே மாற்றாதீர்கள், பெயரே பொருந்தாமல் இருக்கலாம்.

சாரைப்பாம்பின் மியூக்கோசா என்றால் சளி போல வழவழப்பானது. தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாம்புத் தோல் உலர்ந்தது. பாறை ஓணானின் பேரினம் சாமோஃபிலஸ், மணல் விரும்பி. அது வாழ்வதோ பாறை மேல். கொம்பேறி மூக்கன் டெண்ட்ரெலாஃபிஸ் டிரிஸ்டிஸ். டிரிஸ்டிஸ் என்றால் சோகம் என்று எழுதி, அதற்கு ஒரு கதையும் சேர்த்துவிடுகிறார்கள். மங்கிய நிறத்துக்கும் லத்தீனில் அதே சொல்தான். பொருந்தாத இடத்தில் கதை சேர்க்காமல், சொல்லின் பொருள் இது, உயிர் இப்படி இருக்கிறது என்று இரண்டையும் வைத்துவிடுங்கள்.

9. அட்டை எழுதும்போது உறுதியின் அளவையும் எழுதுங்கள்

ஒவ்வொரு விளக்கத்துக்கும் மூன்றில் ஒரு குறி போடச் சொல்வேன். பெயர் வைத்தவரே சொன்னது: அ. முதல் பக்கத்தின் இடம், நன்றி, வருணனை ஆகியவற்றிலிருந்து தெளிவாகத் தெரிவது: ஆ. அகராதிப் பொருளை மட்டும் வைத்துச் சொல்வது: இ. இந்தக் குறி இல்லாவிட்டால், ஒருவரின் ஊகம் அடுத்தவரின் அட்டையில் உண்மையாகிவிடும்.

மண்ணுளிப் பாம்பை வைத்து முழுவதும் செய்து பார்ப்போம். இன்றைய பெயர் எரிக்ஸ் ஜானீ. பின்னால் (ரஸ்ஸல், 1801). அடைப்புக்குறி இருக்கிறது, ஆகவே பிறந்த பெயர் வேறு: போவா ஜானீ. முதல் மாதிரி வந்த இடம் டிராங்குபார், நம் தரங்கம்பாடி. இனப்பெயர் ஆள்பெயர் வகை. ஜான் என்றதும் கிறிஸ்தவப் புனிதர் என்று எழுதிவிடுவார்கள். ஊரைப் பிடித்துக்கொண்டு போனால் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் கிடைப்பார். தரங்கம்பாடியில் மதப்பணி செய்த ஜெர்மானியர், அங்கிருந்து உயிரின மாதிரிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பியவர். கத்தாளை மீன்களில் ஜானியஸ் என்ற பேரினமும் இவர் பெயர்தான். போவா எரிக்ஸாக மாறியும் ஜானீ மாறவில்லை, ஆள்பெயர் என்பதால். பேரினத்தை டாடின் 1803ல் வைத்தார். எரிக்ஸ் கிரேக்கப் புராணத்தில் வரும் சிசிலி மன்னன்.

அட்டையில் இப்படி எழுதுவேன்:

எரிக்ஸ்: கிரேக்கப் புராண மன்னனின் பெயர் (இ). ஜானீ: தரங்கம்பாடியில் இருந்த கி. சா. ஜான் நினைவாக (ஆ). முதல் பெயர் போவா ஜானீ, ரஸ்ஸல், 1801, தரங்கம்பாடி.

அட்டையின் பின்பக்கம் சரிபார்த்த தேதியைப் போடுங்கள். பேரினம் மறுபடி மாறினால் எந்த அட்டையை எடுத்துத் திருத்துவது என்று அடுத்து வருகிறவருக்குத் தெரிய வேண்டும்.